இஸ்லாமிய வரலாற்றுப் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் ஞாயிறு காலைகளில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வரலாற்று வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் கேட்டதும், அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாமார் வாசலில் செருப்பு மாட்டியபடி கேட்டதுமாகக் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெயர்களுக்குப் பின் ஸல், ரலி என்ற வாழ்த்துச் சுருக்கங்களை ஒவ்வொரு முறையும் போடவில்லை. வாசிக்கும்போது நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கதீஜா நாயகி பெரிய வியாபாரி என்கிறார்கள். கடை வைத்திருந்தாரா?

கடை இல்லை. மக்காவின் பெரிய வியாபாரமெல்லாம் ஒட்டகக் கூட்டங்களை நம்பி நடந்தது. கதீஜா சரக்கையும் முதலையும் நம்பகமான ஒருவரிடம் ஒப்படைப்பார். அவர் ஷாம் தேசம் (இன்றைய சிரியா பக்கம்) வரை போய் விற்று வருவார், லாபத்தில் அவருக்குப் பங்கு. முதல் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது என்ற இந்த ஏற்பாட்டைத்தான் பின்னாளில் ஃபிக்ஹ் என்னும் மார்க்கச் சட்ட நூல்கள் முளாரபா என்ற தலைப்பில் பேசுகின்றன. இளைஞரான நபியவர்கள் அப்படித்தான் அவருடைய சரக்கோடு ஷாமுக்குப் போனார்கள். கூடவே கதீஜாவின் பணியாளர் மைஸராவும் போனார். பிறகு இருவருக்கும் நடந்த திருமணத்தின் பேச்சு பெண் வீட்டுப் பக்கமிருந்துதான், நஃபீஸா என்ற தோழி வழியாக வந்தது.

வியாபாரத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. முதல் இறைச்செய்தி இறங்கியதும் ஹிரா குகையிலிருந்து நபியவர்கள் நடுங்கியபடி வந்து "என்னைப் போர்த்துங்கள்" என்றபோது போர்த்திவிட்டார். நடுக்கம் தணிந்ததும் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலைக் கவனித்துப் படித்தால் அதற்குள் ஒரு வாதம் இருக்கிறது. நீங்கள் உறவைப் பேணுகிறீர்கள், இயலாதவரின் சுமையைத் தூக்குகிறீர்கள், விருந்தாளியை உபசரிக்கிறீர்கள். இப்படிப்பட்டவரை அல்லாஹ் இழிவுபடுத்த மாட்டான் என்கிறார். பதினைந்து வருடம் கூட வாழ்ந்து பார்த்தவரின் சாட்சி அது. அதோடு நிற்காமல், முந்தைய வேதங்களைப் படித்திருந்த தம் உறவினர் வரகாவிடம் கூட்டிக்கொண்டும் போனார்.

திருமணத்தின்போது அவருக்கு வயது 40 என்பது பிரபலமான தகவல். 28 என்ற அறிவிப்பும் உண்டு. 619 வாக்கில் இறந்தார். தமிழில் அவரைப் படிக்க விரும்பினால் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மணம்புரி படலத்தை எடுத்துப் பாருங்கள். மக்கா நகரம் கொஞ்சம் தமிழ்நாட்டு ஊர் மாதிரிதான் இருக்கும், அது தனி ரசனை.

ஆயிஷா நாயகி 2210 ஹதீஸ்களை அறிவித்தார் என்று பரீட்சையில் எழுதுகிறோம். அந்த எண்ணிக்கையா அவருடைய பெருமை?

நபியவர்களின் மனைவியான அவர் அறிவித்த ஹதீஸ்கள், அதாவது நபியவர்களின் சொல், செயல் பற்றிய செய்திகள், எண்ணிக்கையில் பெரிதுதான். ஆனால் மற்றவர்கள் சொன்னதை அவர் எப்படித் திருத்தினார் என்பதில்தான் அவருடைய ஆளுமை தெரிகிறது. இந்தத் திருத்தங்களை மட்டுமே தொகுத்து 14ஆம் நூற்றாண்டில் இமாம் ஸர்கஷீ ஒரு தனி நூலே எழுதினார். அந்த அளவுக்குச் சரக்கு இருந்தது.

ஒன்றைச் சொல்கிறேன். தொழுகிறவருக்குக் குறுக்கே நாய், கழுதை, பெண் இவற்றில் ஏதாவது போனால் தொழுகை முறிந்துவிடும் என்ற பேச்சு ஆயிஷாவின் காதுக்கு வந்தது. எங்களை நாயோடும் கழுதையோடும் சேர்த்துவிட்டீர்களே என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தம் வீட்டில் நடந்ததைச் சொன்னார். சின்ன அறை. இரவில் நபியவர்கள் தொழுவார்கள், அவர் எதிரே குறுக்காகப் படுத்திருப்பார். ஸஜ்தாவுக்கு, அதாவது நெற்றியைத் தரையில் வைக்க, வரும்போது நபியவர்கள் அவரைத் தொட்டு உணர்த்துவார்கள், அவர் காலை மடக்கிக்கொள்வார். எழுந்து நின்றதும் மறுபடி நீட்டுவார். அந்நாளில் வீடுகளில் விளக்கு கிடையாது என்றும் சேர்த்துச் சொல்கிறார். அந்த விளக்கு விஷயத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன். ஏன் தொட்டு உணர்த்த வேண்டியிருந்தது என்ற கேள்விக்கு, யாரும் கேட்காமலேயே பதில் தந்துவிட்டார் பாருங்கள். குறுக்கே இருப்பது பற்றியும், மனைவியைத் தொட்டால் உளூ, அதாவது தொழுகைக்கு முன் செய்யும் கழுவல், என்ன ஆகும் என்பது பற்றியும் ஃபிக்ஹ் அறிஞர்கள் இன்றுவரை இந்த இருட்டறையிலிருந்துதான் ஆதாரம் எடுக்கிறார்கள்.

இன்னொன்று. குடும்பத்தார் அழுவதால் மய்யித்துக்கு, அதாவது இறந்தவருக்கு, வேதனை கிடைக்கிறது என்று இப்னு உமர் சொன்னதாக அவரிடம் சொன்னார்கள். அவர் பொய் சொல்கிறவர் அல்ல, மறந்திருப்பார் அல்லது பிசகியிருப்பார் என்று முதலில் சொல்லிவிட்டு, ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்ற குர்ஆன் வசனத்தை எடுத்துப் போட்டார். நபியவர்கள் ஒரு குறிப்பிட்ட சம்பவத்தில் சொன்னது பொது விதியாகிவிட்டது என்பது அவருடைய விளக்கம். ஆளின் நேர்மை வேறு, செய்தியின் துல்லியம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் இந்த வழி பிற்கால ஹதீஸ் விமர்சனக் கலையின் அடிப்படையிலேயே இருக்கிறது.

ஒட்டகப் போரை ஏன் சொல்லாமல் விடுகிறீர்கள்?

விடவில்லை. 656இல் பஸ்ரா அருகே ஆயிஷா தரப்புக்கும் ஆட்சித் தலைவரான கலீஃபா அலீ தரப்புக்கும் நடந்தது. ஆயிஷா இருந்த பக்கம் தோற்றது. அலீ அவர்கள் அவரை மரியாதையோடு மதீனாவுக்கு அனுப்பிவைத்தார்கள். பின்னாளில் அதற்காக வருந்தினார் என்று அறிவிப்புகள் உண்டு. சுன்னிகளும் ஷியாக்களும் இதைப் பார்க்கும் விதம் வேறு வேறு. பத்து வயதுப் பிள்ளைகள் வகுப்பில் அதைத் தீர்த்துவைக்க முடியாது. 678இல் அவர் இறக்கும் வரை மார்க்கக் கேள்விகளோடு ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

குர்ஆனை எழுத்தில் பாதுகாத்ததில் பெண்களுக்குப் பங்கு உண்டா?

உண்டு, அதுவும் முக்கியமான இடத்தில். முதல் கலீஃபா அபூபக்கர் காலத்தில் தொகுக்கப்பட்ட குர்ஆன் ஏடுகள் அவருக்குப் பின் அடுத்த கலீஃபா உமரிடம் இருந்தன. உமருக்குப் பின் அவருடைய மகள் ஹஃப்ஸாவிடம் வந்தன. மூன்றாவது கலீஃபா உஸ்மான் தம் ஆட்சியில் பிரதிகள் எடுத்து ஊர் ஊராக அனுப்பத் தீர்மானித்தபோது ஹஃப்ஸாவிடம் ஆளனுப்பி, ஏடுகளைக் கொடுங்கள், படியெடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று கேட்டு வாங்கினார். ஸைத் பின் ஸாபித் குழுவினர் படியெடுத்தார்கள். மூல ஏடுகள் சொன்னபடியே ஹஃப்ஸாவிடம் திரும்பின, அவர் இறக்கும் வரை அவரிடமே இருந்தன. ஆட்சித் தலைவரே கேட்டு வாங்கி, திருப்பிக் கொடுத்தார் என்பதைப் பிள்ளைகளிடம் நான் அழுத்திச் சொல்வேன்.

ஹஃப்ஸாவுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவரும் ஒரு பெண்தான்: ஷிஃபா பின்த் அப்துல்லாஹ். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்றிருந்த மக்காவில் எழுதத் தெரிந்தவர். உமர் காலத்தில் மதீனாச் சந்தைக்கு இவரைக் கண்காணிப்பாளராக நியமித்தார்கள் என்று பல பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) சொல்லப்படுகிறது. அதன் அறிவிப்பு வரிசை பலவீனமானது என்று அறிஞர்கள் சொல்வதால் நான் வகுப்பில் அதை உறுதியாகச் சொல்வதில்லை. ஆசிரியர் என்பதே போதும்.

நபியவர்கள் ஒரு பெண்ணின் ஆலோசனையைக் கேட்டு நடந்த சம்பவம் இருக்கிறதா?

628, மக்கா அருகே ஹுதைபிய்யா. உம்ரா என்னும் புனிதப் பயணம் செய்யப் போனவர்களை மக்காவுக்குள் விடவில்லை, உடன்படிக்கை ஆனது. பலியைக் கொடுத்துத் தலைமுடி இறக்குங்கள் என்று நபியவர்கள் மூன்று முறை சொல்லியும் மனம் உடைந்திருந்த தோழர்கள் எழவில்லை. நபியவர்கள் கூடாரத்துக்குள் வந்து மனைவி உம்மு ஸலமாவிடம் சொன்னார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதீர்கள், வெளியே போய் உங்கள் ஒட்டகத்தை அறுங்கள், நாவிதரைக் கூப்பிட்டு முடி இறக்கிக்கொள்ளுங்கள் என்றார் அவர். அப்படியே செய்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

ஆண்களைப் போல எங்களைக் குர்ஆன் ஏன் குறிப்பிடவில்லை என்று கேட்டவரும் இதே உம்மு ஸலமாதான். முஸ்லிமான ஆண்கள், முஸ்லிமான பெண்கள் என்று ஜோடி ஜோடியாகப் போகும் 33:35 வசனம் அதையொட்டி இறங்கியது என்று அறிவிப்புகள் சொல்கின்றன.

போரில் சண்டை போட்டவர்கள், வைத்தியம் பார்த்தவர்கள்?

உஹுத் போரில் நுஸைபா. தண்ணீர் கொடுக்கப் போனவர், நிலைமை மோசமானதும் வாளெடுத்து நபியவர்களுக்கு முன்னால் நின்றார். பிறகு யமாமா போரில் ஒரு கையை இழந்தார். வைத்தியத்துக்கு ருஃபைதா: அகழ்ப்போரில் காயம்பட்ட ஸஅத் பின் முஆதை மதீனாப் பள்ளிவாசலில் இருந்த இவருடைய கூடாரத்தில்தான் வைத்துப் பார்த்தார்கள்.

பெண்களிடம் ஆண்கள் ஓதினார்களா, அல்லது பெண்கள் பெண்களுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்களா?

ஆண்கள் தாராளமாக ஓதினார்கள். டமாஸ்கஸில் உம்மு தர்தா என்ற பெண் அறிஞர் பாடம் நடத்தினார்; கலீஃபா அப்துல் மலிக்கே வந்து உட்கார்ந்து கேட்டார். டமாஸ்கஸின் பெரிய வரலாற்றாசிரியர் இப்னு அஸாகிர் பாடம் கேட்ட பெண் ஆசிரியர்கள் 80 பேருக்கு மேல். பாக்தாதில் ஷுஹ்தா என்ற எழுத்தோவியக் கலைஞர் ஹதீஸ் சொல்லிக்கொடுத்தார். ஸகாவீ எழுதிய 15ஆம் நூற்றாண்டுப் பிரமுகர் வரலாற்றில் கடைசிப் பாகம் முழுக்கப் பெண்கள், ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள்.

ஆனால் இது எல்லாக் காலத்திலும் ஒரே சீராக நடக்கவில்லை. நபித்தோழியர் தலைமுறைக்குப் பின் பெண் அறிவிப்பாளர்கள் வெகுவாகக் குறைந்து போனார்கள். ஹதீஸுக்காக ஊர் ஊராக நெடும்பயணம் போய், பல பேரிடம் கேட்டு, பட்டியல் போட வேண்டிய காலம் அது. பெண்களுக்கு அது வசதிப்படவில்லை. புகாரி, முஸ்லிம் போன்ற தொகுப்புகள் வந்து நிலைபெற்ற பிறகு நிலைமை மாறியது. இனி ஹதீஸைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம், நூலை ஒழுங்காக ஓதி, ஒழுங்காக அடுத்தவருக்குக் கொடுத்தால் போதும். வீட்டில் இருந்தபடியே செய்யலாம்.

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. ஸனத் என்பது யார் யாரிடம் கேட்டார் என்ற சங்கிலி. நடுவில் ஆட்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு மதிப்பு. அதனால் குடும்பத்தார் ஐந்து, ஆறு வயதிலேயே பெண்குழந்தையைத் தள்ளாத வயதிலிருக்கும் ஆசிரியரிடம் தூக்கிக்கொண்டு போய் இஜாஸா, அதாவது அறிவிக்கும் அனுமதி, வாங்கிவைப்பார்கள். அந்தக் குழந்தை தொண்ணூறு வயது வாழ்ந்தால்? நாடெங்கும் உள்ள மாணவர்கள் அந்தப் பாட்டியைத் தேடி வருவார்கள், ஏனென்றால் அவரைவிடக் குட்டையான சங்கிலி வேறெங்கும் கிடைக்காது. 1339இல் இறந்த டமாஸ்கஸ் ஸைனப் பின்த் கமால் அப்படிப்பட்டவர். ஓர் ஒட்டகச் சுமை அளவுக்கு ஏடுகள் அவரிடம் இருந்தன என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

அப்புறம், ஹதீஸ் அறிவிப்பாளர்களை ஈவிரக்கமில்லாமல் சல்லடை போட்ட இமாம் தஹபி, பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்ட பெண் ஒருவரைக்கூட நான் அறியேன் என்று எழுதுகிறார். வகுப்பில் கைதட்டல் வாங்கும் தகவல் இது.

மஹராகப் புத்தகம் கொடுத்தார்களாமே, உண்மையா?

மஹர் என்பது மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மணக்கொடை. இது 12ஆம் நூற்றாண்டு, ஃபாத்திமா ஸமர்கந்தி. தந்தை அலாவுத்தீன் ஸமர்கந்தி ஹனஃபி என்னும் சட்டப்பிரிவின் ஃபிக்ஹில் பெரிய பெயர். தந்தையின் நூலை ஃபாத்திமா மனப்பாடமாக ஓதியவர். பெண் கேட்டு மன்னர்களே வந்தும் தந்தை இசையவில்லை என்கிறார்கள். அவருடைய மாணவர் காஸானீ, ஆசிரியரின் நூலுக்கு விரிவுரையாகப் பெரிய நூல் ஒன்றை எழுதிக்கொண்டு வந்து வைத்தார். அதையே மஹராக வைத்துத் திருமணம் முடிந்தது. அதற்கு முன் அந்த வீட்டிலிருந்து போகும் ஃபத்வாவில், அதாவது மார்க்கத் தீர்ப்பில், தந்தை, மகள் என்று இரண்டு கையெழுத்து இருக்கும்; பிறகு மூன்றானது. காஸானீக்கு எங்காவது சறுக்கினால் ஃபாத்திமா எடுத்துச் சொல்வார், அவரும் திருத்திக்கொள்வார்.

நிஸ்வான் மதரஸாவில், அதாவது பெண்கள் மார்க்கப் பள்ளியில், ஆலிமா பட்டத்துக்கு ஓதும் பெரிய பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உலகின் முதல் பல்கலைக்கழகத்தைக் கட்டியவர் ஃபாத்திமா ஃபிஹ்ரி என்று ஃபார்வர்டு வருகிறது. பரப்பலாமா?

கொஞ்சம் நிதானித்துப் பரப்புங்கள். மொராக்கோவின் ஃபெஸ் நகரில் கரவிய்யீன் பள்ளிவாசல் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக அது பெரிய கல்விக்கூடமாகவும் இருந்தது. இதில் சந்தேகமே இல்லை. துனீசியாவின் கைரவான் ஊரிலிருந்து குடியேறிய ஃபாத்திமா, தந்தை விட்டுப்போன சொத்தைப் போட்டு 859இல் இதைக் கட்டினார், சகோதரி மர்யம் ஆற்றின் மறுகரையில் அந்தலூஸ் பள்ளிவாசலைக் கட்டினார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. சிக்கல் என்னவென்றால், இதை முதலில் எழுதிவைத்தவர் இப்னு அபீ ஸர்உ. அவர் 14ஆம் நூற்றாண்டுக்காரர். கட்டியதாகச் சொல்லும் காலத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஏறத்தாழ 450 வருடம். பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது கிடைத்த பழைய மரக் கல்வெட்டிலோ 877ஆம் ஆண்டும் தாவூத் பின் இத்ரீஸ் என்ற இத்ரீஸிய வம்சத்தவரின் பெயரும் இருக்கின்றன. சில ஆய்வாளர்கள் இதை வைத்து ஃபாத்திமா கதையையே ஐயப்படுகிறார்கள். அந்த நகரத்து மக்கள் அவரை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நான் வகுப்பில் இரண்டையும் சொல்வேன். ஒரு பிள்ளை, "அப்போ பொய்யா டீச்சர்?" என்று முகம் வாடிக் கேட்டாள். பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை, ஆதாரம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான் என்றேன்.

ஜிபிஎஸ்ஸுக்கு அடித்தளம் போட்டவர் மர்யம் அஸ்துர்லாபியா?

10ஆம் நூற்றாண்டில் அலெப்போ மன்னர் ஸைஃபுத் தவ்லாவிடம் வேலை பார்த்த, அஸ்துர்லாபு என்னும் வானக் கருவி செய்யும் பெண் ஒருவர் இருந்தார். இப்னு நதீமின் நூற்பட்டியலில் அவரைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வரி: இஜ்லியின் மகள் இஜ்லிய்யா, இன்னாரிடம் பயின்றவர். மர்யம் என்ற பெயர்கூட அதில் இல்லை. ஜிபிஎஸ்ஸை அவர் தலையில் கட்டுவது அநியாயம். ஆயிரம் வருடம் முன்பு பித்தளைத் தகட்டில் நட்சத்திர நிலைகளைப் பிசகாமல் வெட்டத் தெரிந்த கைத்தொழில்காரர்களின் பட்டியலில் அப்பாவோடு மகளும் இருக்கிறாள் என்பதே எனக்கு நல்ல செய்தியாகத்தான் இருக்கிறது.

ஸுபைதா கால்வாயை உண்மையில் யார் கட்டியது?

ஸுபைதாதான், இதில் இழுபறி கிடையாது. கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி, கலீஃபா மன்ஸூரின் பேத்தி. ஹஜ்ஜுக்கு வந்தபோது மக்காவில் தண்ணீருக்குத் திண்டாட்டம். ஒரு தோல்பை தண்ணீர் ஒரு தீனாருக்கு விற்றது என்கிறார்கள். அரஃபா பக்கத்து நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்து தண்ணீரைக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். மோட்டார் இல்லாத காலம். பாறையைக் குடைந்தும் கல் கட்டியும், தண்ணீர் தானாக இறங்கி ஓடும்படி வாட்டம் பிசகாமல் கால்வாயை இழுத்துக்கொண்டு வர வேண்டும். வாட்டம் கூடினால் கரை அரிக்கும், குறைந்தால் மண் படியும். செலவு கையை மீறும் என்று பொறியாளர்கள் இழுத்தபோது, கோடரி ஒரு முறை விழ ஒரு தீனார் ஆனாலும் செய்யுங்கள் என்றாராம். முடிந்ததும் கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்தார்கள். கணக்கை மறுமை நாளுக்கு விட்டுவிட்டோம் என்று டைக்ரிஸ் ஆற்றில் போட்டுவிட்டார் என்றும் ஒரு கதை. தணிக்கை செய்கிறவர்கள் இந்தக் கதையை ரசிக்க மாட்டார்கள்.

நடுநடுவே தூர்ந்து, செப்பனிடப்பட்டு, ஆயிரம் வருடத்துக்கு மேல் அந்தத் தண்ணீர் ஓடியது. இராக்கின் கூஃபாவிலிருந்து மக்கா வரும் 1400 கிலோமீட்டர் பாலைவழியிலும் கிணறு, நீர்த்தொட்டி, தங்குமிடம் என்று கட்டிவைத்தார். அந்த வழிக்கே தர்ப் ஸுபைதா என்று பெயர். வட்டமும் சதுரமுமான அந்தத் தொட்டிகளை இன்றும் சவூதிப் பாலையில் பார்க்கலாம்.

நாடாண்ட பெண்கள்?

டெல்லியில் ரஸியா, 1236 முதல் 1240 வரை. எகிப்தில் ஷஜருத் துர், 1250. சிலுவைப்போர்ப் படை வாசலில் நிற்கும்போது கணவர் சுல்தான் இறந்த செய்தியை மறைத்துப் படையைக் காப்பாற்றியவர், பிறகு சுமார் 80 நாள் தம் பெயரிலேயே ஆண்டார். சுமத்ராவின் அச்சேயில் 1641 முதல் 1699 வரை அடுத்தடுத்து நான்கு சுல்தானாக்கள். போபாலில் நான்கு தலைமுறை பேகம்கள். பெண் ஆட்சி செய்யலாமா என்ற மார்க்க விவாதம் தனி. இவர்கள் ஆண்டது நடந்த விஷயம்.

எனக்குப் பிடித்தவர் 1138இல் இறந்த யமன் அரசி அர்வா. தலைநகரை ஸன்ஆவிலிருந்து ஜிப்லாவுக்கு மாற்ற வேண்டும் என்று கணவரிடம் அவர் சொன்ன விதம் அப்படி. ஸன்ஆவில் மக்களைக் கூட்டச் சொன்னார். வாளும் ஈட்டியும் மின்னியது. ஜிப்லாவில் கூட்டச் சொன்னார். ஒருவர் ஆட்டுக்கடாவை இழுத்துக்கொண்டு வந்தார், ஒருவர் நெய்ப் பானையோடு, ஒருவர் தேனோடு. இவர்களோடு வாழ்வதுதான் நல்லது என்றார்.

தமிழ்ப் பக்கம் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். கீழக்கரை ஆசியா உம்மா ஞானப்பாடல்கள் பாடினார். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா? கடமையா?' நாவலை வெளியிட்டார். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஃபாத்திமா பீவி கேரளத்துக்காரர். 1989இல் அந்தப் பதவி, 1997இல் நம் மாநில ஆளுநர். இவர்களுக்குத் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும்.

மீலாது பேச்சுப்போட்டிக்கு மகள் பெயர் கொடுத்திருக்கிறாள். மூன்று நிமிடம்தான். யாரைப் பற்றிப் பேசலாம்?

கதீஜா நாயகியைப் பத்துப் பேராவது பேசுவார்கள். மக்காவில் வாழ்ந்த கரீமா மர்வஸிய்யாவை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 11ஆம் நூற்றாண்டு. ஸஹீஹ் புகாரியை நம்பகமாக அறிவித்தவர்களில் முன்வரிசை. பாக்தாதின் ஹதீஸ் அறிஞர் கதீப் ஹஜ்ஜுக்கு வந்த இடத்தில் ஐந்தே நாளில் புகாரி முழுவதையும் இவரிடம் ஓதி முடித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை, நெடுங்காலம் வாழ்ந்தார்.

பேச்சை இந்தச் சம்பவத்தில் தொடங்கலாம். கூஃபாவிலிருந்து வந்த ஒரு மாணவருக்குத் தம் பிரதியை எடுத்துக் கொடுக்கிறார் கரீமா. அவர் எதிரே உட்கார்ந்து ஏழு தாள் எழுதுகிறார். எழுதியதை மூலத்தோடு நானே ஒத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். முடியாது, என்னோடு உட்கார்ந்து ஒத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் கரீமா. அவரும் உட்கார்ந்து, வரி வரியாக, ஏழு தாளையும் ஒத்துப் பார்க்கிறார்.